வெறும் வயிற்றில் கேட்ட கேள்வி

அன்பு மனைவி திலகத்துக்கு,

உன் வீட்டுக்காரன் நாகப்பன் எழுதுவது. நான் நலம், உன் ரோஜாத் தொட்டிகள் நலம், பூனை மட்டும் என்மேல் கோபமாக இருக்கிறது. ஜொகூரில் நீயும் மகள் மலரும் புதுப் பேரனும் நலமாக இருக்க முருகனிடம் சொல்லியிருக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். பேசினால் மருமகன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்; பிறகு நான் மழையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வர அவசரமே இல்லை. குழந்தை தவழட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடமும் போகட்டும். நான் நன்றாகவே சமைக்கிறேன். ரசம் மட்டும் ஏன் இப்படி வருகிறது என்று தெரியவில்லை.

நேற்று தோட்டத்து மண்டபத்தில் சீனி வியாதிக்காரர்களுக்குக் கூட்டம். கோலாலம்பூரிலிருந்து உமாதேவி என்ற டாக்டர் வந்திருந்தார். டாக்டர் கூப்பிட்டால் நம் ஆட்கள் எப்படிப் போவார்கள் என்று உனக்குத் தெரியாதா? முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான், ஆளுக்கொரு சிறுநீர் போத்தல் வேறு. மேசையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு மணக்கிறது, ஒருவரும் தொடவில்லை. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, ஊசிக்குக் கையை நீட்டத் தயாராக உட்கார்ந்திருக்கிறோம். டாக்டர் பதறிப்போனார். "ஐயோ, இன்னைக்கு ரத்தமெல்லாம் எடுக்கலங்க! சீனி வியாதியில அடுத்து எதை ஆராய்ச்சி பண்ணணும்னு உங்ககிட்டயே கேக்க வந்திருக்கோம். வியாதியோட வாழுறது நீங்கதானே?" என்றார். "அப்ப இதை எங்க வைக்கிறது லா?" என்று பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு போத்தலைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை வருடமாக டாக்டர் கேட்பார், நாம் தலையாட்டுவோம்; நீ கேள் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கோ பசி மயக்கம். எழுந்துவிட்டேன். "அதே மாத்திரை, அதே சோறுதான் டாக்டர். வீட்டுல அவ இல்லேன்னா மட்டும் எனக்குச் சீனி ஏறுது. அது ஏன்னு கண்டுபிடிங்க." மண்டபமே சிரித்தது. "எங்க வீட்டுக்காரரு உள்ள வந்தாத்தான் எனக்கு ஏறுது, அதையும் சேத்து எழுதுங்க" என்றாள் அம்மாக்கண்ணு. டாக்டர் சிரிக்கவில்லை, பலகையில் எழுதினார்; பிறகு மற்றவர்கள் கேட்டதையும் எழுதினார். பிடித்த கேள்விக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார்கள். கால் புண், கண் மங்கல் எல்லாவற்றையும் தாண்டி என் கேள்விதான் முதலில் வந்தது. தைப்பூசத்துக்கு முன்னால் மனைவியைப் பறிகொடுத்தானே புனிதன், அவனும் வந்து ஒட்டினான். ஒட்டிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான்.

ஆகவே நீ அங்கேயே இரு. ஆராய்ச்சிக்கு நீ இல்லாத வீடு தேவைப்படுகிறது. நம் அவசரத்தால் அது கெட வேண்டாம்.

பேரனுக்கு முத்தம், மலருக்கு என் ஆசி, மருமகனுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
நாகப்பன்

பி.கு.: பட்டினி கிடந்தது வீணாகக் கூடாதென்று அம்மாக்கண்ணு சண்டை போட்டு, கடைசியில் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் சோதிக்கவைத்துவிட்டாள். எனக்குச் சீனி ஏறவே இல்லை. நீ இருந்தபோது எவ்வளவோ அவ்வளவுதான். "அப்ப உங்களுக்கு என்னதான் செய்யுது?" என்று டாக்டர் கேட்டார். அத்தனை பேர் நடுவில் சொல்ல வெட்கமாக இருந்தது. புறப்பட்டு வா, திலகம். எந்த பஸ் என்று மட்டும் போனில் சொல். ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை.