பீலர் வீட்டுச் சம்பந்தம்

பெண் வீட்டார் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் எழுத இடமில்லை. நேதன் பீலர், அவனுக்கு மேலே அப்பா கர்ட் பீலர், அதற்கு மேலே தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று கிளைகிளையாக ஏறி, சுவிட்சர்லாந்தில் கிளாரஸ் என்ற மலைநாட்டில் எப்போதோ மாடு மேய்த்த ஒருவர் வரை போய் நின்றது. கல்யாண ரிசப்ஷனில் மாட்டுவதற்காகக் கர்ட் பீலர் தன் கையாலேயே எழுதிய வம்ச மரம். ஒரு சுவரை அடைக்கும் அகலம்.

அதன் இடது பாதியில் ரெனிஷா, அவளுக்கு மேலே ஞானசீலன், ஜெபராணி. அதோடு சரி.

"நாலைந்து தலைமுறை போதும், அவசரமில்லை" என்று கர்ட் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஞானசீலனுக்கு வேலையே டேட்டாபேஸ். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுடைய பூர்வோத்தரம் முழுக்க அவர் கைக்குள். அவருடைய சொந்தப் பூர்வோத்தரம் மட்டும் அப்பா தாசனோடு முடிந்துவிட்டது.

"எங்க சைடு நான் முடிச்சிட்டேன்" என்றாள் ஜெபராணி. "உபதேசியார் தாத்தா, அவருக்கு மேல இன்னும் ரெண்டு பேரு. உங்க சைடுதான் மொட்டையா நிக்குது. பாக்கறவங்க உங்கள ஆஸ்பத்திரி வாசல்ல கண்டெடுத்தாங்கன்னு நினைப்பாங்க."

ஞானசீலன் நாகர்கோவிலில் இருக்கும் கண்மணி அத்தையை வாட்ஸப்பில் கூப்பிட்டார். அப்பாவின் தங்கை. அந்தத் தலைமுறையில் அவள் ஒருத்திதான் பாக்கி.

"உனக்க தாத்தா யோவான். அவருக்க அப்பா மாசிலாமணி" என்றாள் அத்தை.

"அவருக்கு அப்பா?"

"அது எனக்கு எப்பிடி மக்கா தெரியும்? பிள்ளைக்குச் சீலை எடுத்தாச்சா? என்ன கலரு?"

சீலையின் கலரைச் சொல்லிவிட்டு ஞானசீலன் போனை வைத்தார். மாசிலாமணிக்கு மேலே இருந்த வெள்ளை இடம் அவரைப் பார்த்துச் சிரித்தது. கூச்சம் தாங்காமல், தனக்கு ஓர் எள்ளுத் தாத்தாவைத் தானே பெற்றெடுத்தார். சத்தியநேசன் என்று பெயரும் வைத்து, மரத்தைக் கர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீலர் வீட்டில் விருந்து. டெக்சாஸில் ஞானசீலன் குடியிருந்த காப்பெலிலிருந்து வடக்கே போனால் வீடுகள் குறைந்து வேலிகள் தொடங்கும் இடத்தில் அவர்கள் வீடு. கர்ட் ஆறடி உயரம், சிவந்த முகம், சட்டென்று கலங்கிவிடும் கண்கள். சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே வம்ச மரத்தை விரித்து மாட்டியிருந்தார். உருக்கிய சீஸை உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போட்டபடி, "சத்தியநேசன் என்ன வேலை செய்தார்?" என்று கேட்டார்.

சத்தியநேசனுக்கு வேலை தேட வேண்டியிருக்கும் என்று ஞானசீலன் எதிர்பார்க்கவில்லை.

"வாத்தியார்."

"அந்தக் காலத்திலேயா! யார் படிக்க வைத்தது?"

"ஒரு மிஷனரி. அவர்தான் எடுத்து வளர்த்தார்."

"எந்த நாட்டு மிஷனரி?"

'இங்கிலாந்து' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். விருந்து வைத்தவர்கள் மனதைக் குளிர வைக்கலாமே என்று ஒரு நப்பாசை.

"சுவிஸ்" என்றார் ஞானசீலன்.

கர்ட் கரண்டியைக் கீழே வைத்தார். "பெயர் ஞாபகம் இருக்கிறதா?"

ஞானசீலனுக்கு ஒரு சுவிஸ் பெயர்கூடத் தெரியாது. எதிர்ச் சுவரில் அவை நூற்றுக்கணக்கில் தொங்கின. ஒரு ஓரத்தில், காஸ்பர் என்ற பெயருக்குப் பக்கத்தில், வாரிசுக் கோடு எதுவும் இல்லாமல் தனியாக நின்ற ஒரு பெயரில் அவர் கண் விழுந்தது.

"உல்ரிக்."

கர்ட் எழுந்து நேராக அடுக்களைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து ஒரு பெரிய மனிதர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அவர் மனைவி டோரிஸ்தான் விவரம் சொன்னாள். காஸ்பரும் உல்ரிக்கும் அண்ணன் தம்பி. ஊரில் பஞ்சம். அண்ணன் டெக்சாஸுக்குக் கப்பலேறினார். தம்பி வேத ஊழியத்துக்கென்று இந்தியாவின் தென்கோடிக்குப் போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. காஸ்பர் சாகும்வரை, சாப்பாட்டு மேஜையில் தம்பிக்கென்று ஒரு தட்டு வைக்கச் சொன்னார். இன்றுவரை பீலர்கள் கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டை வைக்கிறார்கள். காலியாகத்தான் வைத்துக் காலியாகவே எடுக்கிறார்கள்.

கர்ட் கையில் ஒரு பழைய தட்டோடு திரும்பி வந்தார். அதை ஞானசீலன் முன்னால் வைத்து, அதில் சீஸை வழித்துப் போட்டார்.

"சாப்பிடுங்கள். உல்ரிக்கை அறிந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள்."

ஞானசீலனுக்குச் சீஸ் ஆகாது. சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது காரில் ஜெபராணி, "இவ்வளவு பெரிய விஷயத்த எங்கிட்ட ஒருநாளும் சொல்லலியே?" என்றாள்.

"சந்தர்ப்பம் வரல" என்றார் அவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மறுநாளிலிருந்து பீலர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒஹையோவிலிருந்து ஒருவர், விஸ்கான்சினிலிருந்து இருவர். எல்லோருக்கும் ஒரே கேள்வி: உல்ரிக்கின் கல்லறை எங்கே?

"கடற்கரை ஓரம் இருந்தது. கடல் உள்ள வந்து எல்லாத்தையும் கொண்டுபோயிடுச்சு" என்றார் ஞானசீலன். கல்லறையைக் கடலில் தள்ளிவிட்டால் தொல்லை தீரும் என்று நினைத்தார்.

தீரவில்லை. கடல் கொண்டுபோன இடத்திலேயே ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்று பீலர்கள் முடிவு செய்தார்கள். டிசம்பரில் குடும்பத்தோடு நாகர்கோவில் போவதாக ஏற்பாடு. ஞானசீலன் முன்னால் நின்று வழிகாட்ட வேண்டும். கர்ட் ஏற்கெனவே இந்தியப் பயணத்துக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டுவிட்டார்.

ஞானசீலன் பதறிப்போய்க் கூப்பிட்டார். "மிஸ்டர் பீலர், அங்க போயி பாக்க ஒண்ணுமே இல்ல. ஒரு செங்கல்கூட இல்ல. அவர் கடைசி வரைக்கும் இருந்தது எங்க வீட்லதான். மிச்சம்னு சொன்னா நாங்கதான்."

"கடைசிக் காலத்தில் அவரை நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்களா?" என்று கேட்டார் கர்ட்.

"ஆமா. ஃபேமிலி மாதிரி."

டோரிஸும் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ஃபேமிலி மாதிரியா, ஃபேமிலியேவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஞானசீலன் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஆபீஸில் சர்வர் படுத்துக் கிடந்தது. இதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டால் இனி யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது.

"ஃபேமிலிதான்" என்றார்.

அன்று சாயங்காலமே கர்ட் வம்ச மரத்தில் உல்ரிக்கிலிருந்து ஒரு சிவப்புக் கோடு இழுத்துச் சத்தியநேசனோடு சேர்த்து, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். வலது பாதியும் இடது பாதியும் ஒரே மரம். கீழே 'தம்பி வீடு வந்து சேர்ந்தார்' என்று எழுதியிருந்தது. டிசம்பர் பயணம் ரத்து. பார்க்க வேண்டியவர்கள் காப்பெலிலேயே இருக்கும்போது நாகர்கோவில் எதற்கு?

ஞானசீலன் பெருமூச்சு விட்டு டீ போட்டுக்கொண்டார். ஒரு மடக்குக் குடிப்பதற்குள் ஜெபராணி போனோடு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, காஸ்பரும் உல்ரிக்கும் அண்ணன் தம்பிதானே?"

"ஆமா."

"அவங்க பசங்க அண்ணன் தம்பி. பேரனுங்க அண்ணன் தம்பி." போட்டோவைப் பெரிதாக்கி, இரண்டு கையாலும் படிப்படியாக இறங்கி வந்தாள். "கர்ட்டும் நீங்களும் அண்ணன் தம்பி. ஐயோ, அப்போ நேதனும் ரெனியும்?"

ஞானசீலனுக்கு டீ புரையேறியது.

"பங்காளிங்க! அண்ணன் தங்கச்சி!" ஜெபராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா வழியா வந்திருந்தாக்கூட அத்தை பையன், மாமா பையன்னு மனச தேத்திக்கலாம். இது நேரா அப்பா வழி!"

சத்தம் கேட்டு ரெனிஷா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அம்மா, தட்ஸ் லைக் சிக்ஸ்த் கசின்ஸ். நோபடி கேர்ஸ்."

"கசினாவது கிசினாவது. எங்க ஊர்ல அண்ணன்னா அண்ணன்தான். சர்ச்சுல நிக்க வச்சு அண்ணனுக்கே கட்டிக் குடுக்க என்னால முடியாது."

"டாட், சே சம்திங்!"

டாட் சட்டையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெபராணி மறுநாள் பூக்காரருக்குப் போன் செய்து நிறுத்தினாள். அதற்கடுத்த நாள் பாஸ்டருக்குப் போன் செய்தாள். ரெனிஷா சாப்பிடாமல் அறைக்குள்ளேயே கிடந்தாள். நேதன் வந்து வாசலில் நின்றபோது, ஜெபராணி கதவைத் திறந்து, "உள்ள வாப்பா" என்று சொல்லிவிட்டு, அவனைப் பார்த்து ஒரு மூச்சு அழுதாள். மகன் முறையாகிவிட்டவனை மருமகனாக எப்படிப் பார்ப்பது என்பது அவள் கவலை. அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. பதிலுக்கு அவனும் அழுதான்.

மகளின் அறைக்குள் விசும்பல் கேட்ட நாளில் ஞானசீலன் உடைந்தார். ஜெபராணியைக் கராஜுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஜெபா, உல்ரிக்னு ஒருத்தரும் நம்ம வீட்ல இல்ல. சத்தியநேசன்கூட நான் வச்ச பேருதான். எல்லாம் பொய்."

முதலில் ஜெபராணியின் முகத்தில் வந்தது நிம்மதி. பிறகுதான் மற்றது வந்தது.

"பீலர் வீட்டுக்காரங்ககிட்டயே பீலா விட்டீங்களா?"

"ஆமா."

"தட்டுல வேற சாப்ட்டீங்களே! நூத்தம்பது வருஷமா வச்சிருந்த தட்டு!"

"அதுதான் ஜெபா எனக்குத் தூக்கமே வரல."

"போய்ச் சொல்லுங்க. சொன்னாத்தான் கல்யாணம். சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

கல்யாணத்துக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பீலர்கள் எல்லோரும் டல்லாஸில் ஒரு ஹாலில் கூடியிருந்தார்கள். எல்லோரும் ஒரே நிறச் சட்டை. சட்டையில் 'உல்ரிக் குடும்பத்தை வரவேற்கிறோம்' என்று அச்சிட்டிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவர் ஞானசீலனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தாடை அப்படியே உல்ரிக்" என்றார். உல்ரிக்கின் படம் எதுவும் இவ்வுலகில் இல்லை.

ஞானசீலன் எழுந்து நின்று சொன்னார். தனக்கு மூன்று தலைமுறைக்கு மேல் தெரியாது என்பதையும், வெட்கப்பட்டு ஒரு பெயரைப் புனைந்ததையும், உல்ரிக்கைச் சுவரில் பார்த்துப் படித்ததையும், கடலையும் கல்லறையையும் ஒன்று விடாமல் சொன்னார். கை கூப்பி மன்னிப்புக் கேட்டார்.

யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. யாரும் திட்டவில்லை. ஒருவர் எழுந்து போய்த் தன் சட்டைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டார். அப்புறம் இன்னொருவரும் மாட்டிக்கொண்டார்.

கர்ட் வம்ச மரத்தின் அருகே போய், சிவப்புக் கோட்டின் மேல் வெள்ளை மையைப் பொறுமையாகப் பூசினார். உல்ரிக் மறுபடியும் தனியாக நின்றார்.

"இத்தனை வருஷம் காத்திருந்தோம். இன்னும் கொஞ்சம் காத்திருப்போம்" என்றார், திரும்பாமலே. "நாளைக்குக் கல்யாணம் நடக்கும். பிள்ளைகள் என்ன செய்தார்கள்?"

டோரிஸ் ஞானசீலன் பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டாள். "இந்த ஒரு மாதம் உல்ரிக் பசியாறினார் என்று நினைத்துக்கொள்கிறோம்."

அதற்குப் பதிலாக அவள் அவரை அறைந்திருக்கலாம்.

ஜெபராணி மட்டும் பூரித்துப் போயிருந்தாள். ஹால் வாசலிலிருந்தே பூக்காரரைக் கூப்பிட்டு மல்லிகை கிடைக்குமா என்று கேட்டாள். நேதனை இழுத்து நெற்றியில் முத்தமிட்டு, "என் மருமகன்" என்றாள். ரெனிஷா சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சிரித்தாள்.

ஞானசீலன் பார்க்கிங் லாட்டுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இந்த ஜென்மத்தில் இனி சம்பந்தி முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது. போன் அடித்தது. கண்மணி அத்தை.

"மக்கா, நாளைக்கு எத்தனை மணிக்கு லைவு? சர்ச்சு ஆளுகள் எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன்."

அத்தையின் குரலைக் கேட்டதும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிவிட்டது. ஐம்பத்தைந்து வயது ஆண் காருக்குள் விக்கி விக்கி அழுதார்.

"எனக்கு அசிங்கமா இருக்கு அத்தை. நம்ம வம்சத்துல ஒரு வெள்ளக்காரர் இருந்தாருன்னு கதை கட்டிட்டேன். மாசிலாமணி தாத்தாவோட அப்பாவுக்கு அப்பா அவர்தான்னு சொல்லிட்டேன். அவங்க நம்பிட்டாங்க. இப்பதான் அத்தனை பேரு முன்னாலயும் நின்னு எல்லாம் பொய்யுன்னு சொல்லிட்டு வாரேன்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அத்தை, பக்கத்தில் யாரோ இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"வெளிய சொல்லப்படாதுன்னு உனக்க அப்பன் என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தானே மக்கா, அந்த உல்ரிக்குத் தாத்தா சங்கதிய உனக்கு யாருலே சொன்னது?"