விதி ஒன்பதில் ஒரு ‘லாம்’

பெருமதிப்பிற்குரிய மச்சான் கந்தசாமி அவர்களுக்கு, புனே கோந்த்வாவிலிருந்து தங்கள் தங்கை பவுனின் கணவன் சின்னதுரை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். குடியாத்தத்தில் தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். இந்த ‘வேண்டும்’ ஆண்டவனிடம் வேண்டிக்கொள்வது. தங்களுக்கு இடும் கட்டளை அல்ல. ‘இந்நேரம் நலமாகத்தான் இருக்க வேண்டும்’ என்ற ஊகமும் அல்ல. ஒரு நல விசாரிப்புக்கே உரை எழுதும் கதிக்கு வந்துவிட்டேன். காரணம் தாங்கள்தான். கோபிக்காமல் மேலே படியுங்கள்.

போன மாதம் போனில், “படிச்ச மருமவளை வூட்டுல வச்சிக்கினு ஏன் மாப்ளே அலையறீங்க? சங்கத்து விதியை அவகிட்ட குடுங்க, சுத்தமா எழுதிக் குடுத்துடுவா” என்றீர்களே, நினைவிருக்கிறதா? கராடியிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் இருபது பேர் நம் தமிழர் நலச் சங்கத்தில் சேர வந்து, விதிமுறையைக் காட்டினால்தான் கையெழுத்து என்று நின்றார்கள். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் நான் என் கையால் எழுதிய பன்னிரண்டு விதிகள் மட்டுமே இருந்தன. அதை வைஷாலியிடம் கொடுத்தேன். மராட்டிப் பெண், கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுப்பவள், நம் ரமேஷைக் கட்டிக்கொண்ட பிறகு இலக்கணப் புத்தகம் வாங்கித் தமிழ் படித்தவள். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தாள், நாற்பத்தொரு கேள்விகளோடு.

“மாமா, உங்க ‘லாம்’ எந்த லாம்?” என்பது முதல் கேள்வி. எனக்குத் தெரிந்து லாம் ஒன்றுதான். அவளுக்கு மூன்று. ‘போகலாம்’ என்றால் போக அனுமதி உண்டு, போகவும் கூடும், வா சேர்ந்து போவோம். ‘வேண்டும்’ இரண்டு: கடமை ஒன்று, ஊகம் ஒன்று. இதற்கென்றே ஒரு தர்க்கம் இருக்கிறதாம், மச்சான்! நடந்தே தீருவது எது, நடக்கக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்கும் தர்க்கம். நடக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஓர் உலகம் கற்பித்துக்கொண்டு கணக்குப் போடுவார்களாம். இருக்கிற ஓர் உலகத்திலேயே எனக்குத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வருகிறது.

அதோடு விட்டாளா? ஆம், இல்லை இரண்டில் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளாத தர்க்கமும் உண்டாம். எனக்குப் பொறுக்கவில்லை. முப்பத்துநான்கு வருடம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சரக்குப் பரிசோதகனாக இருந்தவன் நான். “அம்மா, எங்க மேசையில ரெண்டே தட்டு. பாஸ், ரிஜெக்ட். நடுவுல எதுவும் கிடையாது” என்றேன். “மறுபரிசோதனைக்குன்னு ஒரு தட்டு இருந்ததில்லையா மாமா?” என்றாள். இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்தது. அதை அவளிடம் சொல்வேனா? பவுன் அடுக்களையிலிருந்து, “இருந்துச்சே! ஓட்டை விழுந்ததும் ஊட்டுக்குக் கொணாந்தாரு, அதுலதான் நான் வடகம் காயவைக்கிறேன்” என்று குரல் கொடுத்தாள். தங்கள் தங்கைதான்.

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை சரி. போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். நம் ரஃபீக் தலைவன். தங்களுக்குத் தெரியும், ஆம்பூர்க்காரன், கேம்ப் கடைத்தெருவில் தோல்பைக் கடை, ரமேஷ் பிறந்தபோது மழையில் பவுனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். மூன்று கூட்டமாக அவன் வரவில்லை. கேட்டால் கடையில் வேலை என்பான். அன்று வந்திருந்தான். வைஷாலி பழைய விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து வந்தவள், ஒன்பதாவதை வாசித்தாள்: “தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத தலைவர் விலகலாம்.”

மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு முடியாதவன் யாராவது பதவியை விட நினைத்தால் அவனை யாரும் குறை சொல்லக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதியது அது. ரஃபீக் எழுந்துவிட்டான்.

“இன்னா துரை, நான் வெலகலாம்ன்றியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் வைஷாலி, அவனுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “விலகலாம் சாச்சா. விலகாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் அனுமதி இருக்கு” என்றாள். கராடி கோஷ்டியில் ஸ்ரீவத்சன் என்ற பையன் கைதட்டினான், கருத்து பிடித்துப்போய். ரஃபீக் அந்தக் கைதட்டலை மட்டும் எடுத்துக்கொண்டான். மேசையின் மேல் சங்கத்துச் சாவியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நீங்க போகலாம் என்று ஒருவரிடம் சொன்னால் நம் தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த இலக்கணப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

“நீயே போய்ச் சமாதானம் பண்ணு” என்று மறுநாள் வைஷாலியைக் கேம்ப்புக்கு அனுப்பினேன். அது என் இரண்டாவது மடத்தனம். ரஃபீக் அவளை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்: “உங்க மாமனாருக்கு நான் வேணுமா, வேணாமாம்மா?” எந்தப் பிள்ளையும் வேணும் சாச்சா என்று சொல்லிவிட்டு வரும். இவள் சொன்னது, “வேணும்னு மாமா என்கிட்ட சொல்லலை. அதனால வேண்டாம்னு ஆகிடாது சாச்சா. ரெண்டுக்கும் இப்போ என்கிட்ட ஆதாரம் இல்லை.” அவன் பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டான்.

புதன்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். கடை வாசலில் நின்றேன். ரஃபீக் நிமிர்ந்து பார்த்து, “போலியே சாப், க்யா திக்காவூன்?” என்றான். இந்தியில்! சொல்லுங்க சார், என்ன காட்டட்டும் என்று, பை வாங்க வந்த வழிப்போக்கனிடம் கேட்பதுபோல. முப்பது வருடமாக என்னோடு தமிழைத் தவிர வேறொன்றும் பேசாதவன். கோபத்தில் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு பெல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது எனக்கு இரண்டு சுற்று வருகிறது.

வீட்டில் யாருக்கும் இது உறைக்கவில்லை. ரமேஷ், “அவ சொன்னதுல என்னப்பா தப்பு?” என்கிறான். தப்பில்லை, அதுதானே இடி! ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்கவைத்திருப்பேன். சொன்னது முழுக்கச் சரி, சினேகிதம் மட்டும் போய்விட்டது. ஆகவே, தாய்மாமன் என்ற உரிமையில் தாங்கள் ரமேஷைக் கூப்பிட்டு நன்றாகக் கண்டித்து, அவன் பெண்சாதி இனி சங்கத்து விஷயத்தில் வாய் திறக்கக்கூடாது என்றும், அந்தத் தர்க்கத்தைக் கல்லூரி வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் வரவேண்டும் என்றும் கறாராகச் சொல்லிவைக்கவும்.

அக்காவுக்கு எங்கள் இருவரின் கும்பிடு. பேரப்பிள்ளைகள் நூறு வயது வாழ்ந்து, பேசத் தெரிந்த இடத்தில் பெண்ணெடுக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
சின்னதுரை

பி.கு.: உறையில் போடும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வைஷாலியும் ரஃபீக்கும் இறங்கினார்கள். என்னிடம் சொல்லாமல் அவள் மறுபடி கேம்ப்புக்குப் போயிருக்கிறாள், மீதிக் கேள்விகளைத் தலைவரிடம் கேட்க. இவன் விரக்தியில், “எல்லாத்தையும் படிக்கிறியே, இதையும் படி” என்று ஒரு நோட்டீசைத் தூக்கிப் போட்டிருக்கிறான். கடைக் கட்டட உரிமையாளர் ஆங்கிலத்தில் அனுப்பியது. கடையைக் காலி செய்தாகவேண்டும் என்று யாரோ படித்துச் சொன்னதை நம்பி, மூன்று மாதமாக ஒருவரிடமும் மூச்சுவிடாமல் சரக்கைக் கட்டிக்கொண்டிருந்தானாம். கூட்டத்துக்கு வராததும் அதனால்தான். வைஷாலி இரண்டு முறை படித்துவிட்டு, “இதில் ‘வேண்டும்’ இல்லை சாச்சா. பழுதுபார்க்கும்போது காலி செய்ய நேரலாம், அவ்வளவுதான்” என்று சொல்லி, அவனை இழுத்துக்கொண்டு உரிமையாளரின் மேனேஜரிடம் போயிருக்கிறாள். பதினோராவது கேள்வியில் அந்த மனுஷன், மாடிக் கடைகள் மட்டும்தான், கீழ்க்கடைகளைக் காலி செய்யத் தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டே கொடுத்துவிட்டானாம்.

ரஃபீக் என் பக்கத்தில் உட்கார்ந்து, “அங்கியும் ‘போ’ன்றான், இங்கியும் போலாம்ன்றீங்க. நான் எங்கடா துரை போவேன்?” என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பவுன் அழுதாள். வைஷாலி மட்டும் கையில் தாளோடு நின்றாள், பாவம், குழந்தை.

எட்டுப் பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். கையெழுத்துக்கு மேலே உள்ள எதையும் நம்பாதீர்கள். ரமேஷிடம் ஒன்றும் பேசிவிடாதீர்கள். யாருக்குக் கடிதம் என்று வைஷாலி கேட்டாள். அவளைக் கண்டிக்கச் சொல்லித் தாங்கள் வற்புறுத்துவதாகவும், முடியாது என்று நான் மறுத்து எழுதுவதாகவும் சொல்லிவிட்டேன். சாயங்காலம் தங்களுக்குப் போன் செய்கிறாளாம்.