பாதி கண் திறந்த காசு

தஞ்சாவூரில் அந்த வாரம், பஸ்ஸில் ஐந்து ரூபாய் மீதி வாங்கியவர்கள்கூடக் காசைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாம் காசுச் சித்தர் செய்த வேலை. பெரிய கோயில் ஆயிரமாண்டு விழாவுக்கு வந்த, கோபுரம் பொறித்த ஐந்து ரூபாய்க் காசோடு, அவர் தங்கிய கல்யாண மண்டபத்தில் ஊரே வரிசையில் நின்றது.

வீட்டிலுள்ள அந்தக் காசு கறுத்திருந்தால் குடும்பத்தில் பாவமாம். ஆயிரத்து நூறு கட்டினால் பட்டுப் பையில் உள்ளறைக்குப் போகும். அரைமணியில் பளபளவென்று திரும்பும். கோபுரம் கண் திறந்துவிட்டது என்பார் சித்தர். பதினைந்து வருடமாக எண்ணெயும் மஞ்சளும் பட்ட காசு கறுக்காமல் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. கேள்விக்குக் கட்டணம் இல்லை, அதனால் மரியாதையும் இல்லை போலும்.

பத்து ஏக்கர் நிலக்காரி பிரகதாம்பாள், மகன் ராம்கிக்குப் பூவிழியைப் பேசியிருந்தாள். பூவிழிக்கு நகை மதிப்பிடும் வேலை. இரு வீட்டுக் காசையும் சித்தரிடம் நீட்டிய பிரகதாம்பாள், தன் காசுக்கு மட்டும் கட்டணம் கட்டினாள். அது மின்னியது. பெண் வீட்டுக் காசு கறுப்பாகவே வந்தது. ஏழு தலைமுறைப் பாவம் என்றார் சித்தர், இருபத்தோராயிரத்தில் பரிகாரம். செய்யாவிட்டால் கல்யாணம் இல்லை என்று பிரகதாம்பாள் காசோடு சொல்லியனுப்பினாள். ஏழு தலைமுறையாக அந்த வீட்டார் செய்ததெல்லாம் ஊரார் வயலில் நாற்று நட்டதுதான்.

பூவிழியின் அம்மா அம்சம், அடகு வைக்கத் தோட்டைக் கழற்றினாள். மகள் அதை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டாள். "பாவத்த நான் பாத்துக்கிறேன். நீ கூட வாம்மா."

மறுநாள் மண்டபத்துக்குப் பிரகதாம்பாளையும் ராம்கியையும் வரச் சொல்லிவிட்டு, பூவிழி கட்டணம் கட்டி அந்தக் கறுத்த காசைக் கொடுத்தாள். அரைமணியில் பை திரும்பியது. சித்தர் காசை எடுத்து, பார்க்காமலே கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். முன்வரிசை சிரித்தது. பாதிக் காசு பளபளப்பு, பாதி கறுப்பு. நடுவே ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு.

சித்தர் அசரவில்லை. "நம்பிக்கை பாதி, அருளும் பாதி."

"நம்பிக்கை சுத்தமா இல்லீங்க. பாதிக் காசுல நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசியிருந்தேன்," என்றாள் பூவிழி. "ஏழு தலைமுறைப் பாவத்தப் போக்குற அருள், இதத் தாண்டலையே?"

பிறகு பிரகதாம்பாளின் காசை வாங்கி லென்ஸில் காட்டினாள். கோபுர இடுக்கில் விளக்குத் தேய்க்கும் பொடி. மேலெல்லாம் மயிரிழைக் கீறல். ராம்கி உள்ளறைக்குள் புகுந்து புளித்தண்ணீர் வாளியைத் தூக்கி வந்தான். கூட்டம் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் சித்தர் மௌன விரதம் தொடங்கினார்.

தன் காசு இப்போது என்ன விலைக்குப் போகும் என்று பிரகதாம்பாள் மெல்லக் கேட்டாள்.

"தேய்க்காம வச்சிருந்தா காசு சேக்குறவங்க அதிகமாவே கொடுத்திருப்பாங்க. இப்ப அஞ்சு ரூபாதான்."

பிரகதாம்பாள் அம்சத்தின் பக்கம் திரும்பி, வெள்ளிக்கிழமை நிச்சயம் வைத்துக்கொள்ளலாமா என்றாள்.

அம்சம் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஏழு தலைமுறைய யோசிக்கணுங்க. கொஞ்ச நாள் கொடுங்க."

யோசிக்கிறேன் என்று அந்த மண்டபத்தில் ஒலித்த முதல் குரல் அது. கறுத்த காசை விட்டுவிடுங்கள் ஐயா. கறுத்துக் கிடக்கும் மூளையைக் கொஞ்சம் தேயுங்கள். அதற்குப் புளிகூட வேண்டாம்.