சீமை எலிக்கு ஒரு கைப்பக்குவம்

ஐந்தாவது விரலுக்கும் கட்டுப் போட்டான பிறகு துரைராஜ் நிதானமாகச் சொன்னார். "முன்ன மாதிரி இல்ல ஜெயா. இன்னைக்கு ஒரு மரியாதையோடதான் கடிச்சுது."

அவர் மனைவி ஜெயபாரதி டிஞ்சர் பாட்டிலை மூடினாள். மூன்று வாரத்தில் இது இரண்டாவது பாட்டில்.

கடித்தது ஒரு சீமை எலி. மகள் தங்கம் நாய்க்குட்டி கேட்டாள். நாய் வந்தால் போர்ஷனைக் காலி பண்ணிக்கொள் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எலியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று துரைராஜ் மூர் மார்க்கெட்டுக்குப் போய், குலாம் ரசூல் பாய் கடையிலிருந்து கூண்டோடு வாங்கி வந்தார். இங்கிலீஷில் அதற்கு ஹாம்ஸ்டர் என்று பெயராம். தேன் நிறம், பேருக்கு ஒரு வால், இரண்டு கன்னத்திலும் வேர்க்கடலையை அடக்கிக்கொண்டு தாம்பூலம் போட்ட மைனர் மாதிரி பார்க்கும். முதல் நாளே தங்கத்தைக் கடித்தது. அவள் நாலடி தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

துரைராஜ் நிறுத்துவாரா? தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பன்னிரண்டு வருஷமாகப் பட்டுப் பிரிவில் நிற்கிறவர். "சும்மா பாக்கத்தான் வந்தோம்" என்று வந்த பெண்களில் ஒருத்தரைக்கூட அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. எலியும் ஒரு கஸ்டமர்தான் என்பது அவர் கட்சி. தினமும் காலையில் கடைக்குக் கிளம்புமுன் அரைமணி நேரம் கூண்டுக்குள் கையை விட்டு, அசையாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"சேலைய விரிச்சுப் போட்டுட்டு நாம பேசாம இருக்கணும். எடுங்க எடுங்கன்னா ஓடிருவாங்க. அதுவா வரும்" என்பார். அதுவும் வந்தது, கடிக்க.

மறுநாள் காலை அவர் கடைக்குப் போனதும் ஜெயபாரதி கூண்டைச் சுத்தம் பண்ணப் போனாள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு, நடுங்குகிற கையை உள்ளே விட்டாள். கட்டைவிரலில் ஒரே கடி. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்களே, அது எலிக்கும் உண்டா என்று யோசித்தாள். இந்த மனுஷன் எல்லா விரலிலும் கட்டோடு போய் நின்றால் எவள் சேலை வாங்குவாள்? கூண்டை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

குலாம் ரசூல் பாயிடம் அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். இதை எடுத்துக்கொண்டு கடிக்காத ஒன்றைத் தர வேண்டும், இதே நிறம், இதே பருமன், புருஷனுக்குத் தெரியக் கூடாது. பாய் இரண்டு தரம் வாயைத் திறந்தார். அவள் பேசவிடவில்லை. கடைசியில் அவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"இத்த எடுத்துக்கினு போம்மா. கடிக்காது. வேணும்னா கைய வச்சிப் பாரு."

கடிக்காத எலி என்று தெரிந்த பிறகு என்ன பயம்? தைரியமாகக் கையை வைத்தாள். எலி மோந்து பார்த்தது, உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. வளர்த்தால் இப்படியல்லவா வளர்க்க வேண்டும் என்று அந்த முகம் தெரியாத புண்ணியவானை அவள் மனசுக்குள் வாழ்த்தினாள்.

அடுத்த நாள் காலை துரைராஜ் கையை விட்டார். எலி நேராக வந்து அவர் கையில் உட்கார்ந்து கடலை தின்றது. மனுஷன் பத்து நிமிஷம் மூச்சுக்கூட விடவில்லை. அப்புறம் மெல்லத் திரும்பி, "பாத்தியா?" என்றார். அந்த முகத்தை ஜெயபாரதி பார்த்தாள். பன்னிரண்டு வருஷ உழைப்பில் அவரை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. சாகிறவரைக்கும் இந்த உண்மை என் வாயிலிருந்து வராது என்று அவள் சத்தியம் பண்ணிக்கொண்டாள். கூடவே, தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டாள்.

ஆனால் பெருமை அவருக்கல்லவா பீறிட்டது! பால்காரரிலிருந்து போஸ்ட்மேன் வரைக்கும் எலி புராணம்தான். இதை அடக்காவிட்டால் விபரீதம் என்று ஜெயபாரதி அடுத்த போர்ஷன் அமீனா பீயிடம், அதெல்லாம் ஏதோ அதிர்ஷ்டம், பெரிசு பண்ணாதீங்க என்று சொல்லி வைத்தாள். அமீனா பீ அதைத் தன் புருஷனிடம் சொல்ல, அவர் துரைராஜிடமே கேட்டுவிட்டார்.

துரைராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாப் போர்ஷன்காரர்களையும் முற்றத்தில் உட்கார வைத்து, எலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். செவ்வாய்க்கிழமைக்குள் சேதி கடை முதலாளி சண்முகவேல் காதுக்குப் போய்விட்டது.

முதலாளி வீட்டிலும் ஒரு சீமை எலி இருந்தது. மகளைக் கடித்து, சமையல்காரரைக் கடித்து, கார் டிரைவரையும் கடித்திருந்தது. அன்று மாலையே கூண்டு துரைராஜ் வீட்டுக்கு அம்பாசிடரில் வந்து இறங்கியது. இரவுச் சாப்பாட்டின்போது அவர் முதலாளி சொன்னதை அப்படியே சொன்னார்.

"'பாண்டி பஜார்ல புதுக்கடை திறக்கப் போறோம்டே. யாரைப் பொறுப்பாப் போடலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன். மொதல்ல இந்த எலியப் பழக்கிக் கொண்டா'ன்னுட்டார். ஒரு மாசம் கேட்டிருக்கேன்."

ஜெயபாரதிக்குச் சோறு இறங்கவில்லை. பழக்க முடியாவிட்டால் புதுக்கடையும் போச்சு, மானமும் போச்சு. எப்படியாவது தட்டிக் கழிக்க வைக்க வேண்டும். இது பெண் எலி போல இருக்கிறது, பெண் எலி பழகாதாம் என்று ஒரு போடு போட்டாள்.

"பன்னிரண்டு வருஷமா நான் யாருக்குச் சேலை விக்கேன்?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே முதலாளியிடம் போய், ஒரு மாசம் எதற்கு, பத்தே நாள் போதும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுபடியும் டிஞ்சர், மறுபடியும் கட்டு. "இதுக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றார் துரைராஜ். ஆறாம் நாள், ஏழாம் நாள் எல்லாம், இப்போது தேவலை, பல் படுவதோடு சரி என்று சொல்லிக்கொண்டு போனார். பழைய எலிக்கும் இதையேதானே சொன்னார்! எட்டாம் நாள், எதற்கும் நாமே பார்த்துவிடுவோம் என்று அவள் நடுங்கிக்கொண்டே கையை உள்ளே விட்டாள். கடித்தது. இனி யோசிக்க ஒன்றுமில்லை. ஒயர் கூடை, துண்டு, பஸ்.

குலாம் ரசூல் பாய் துண்டை விலக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மறுபடியுமா?"

"இது வேற பாய். எங்க முதலாளி வீட்டு எலி. இவரு பழக்கித் தாரேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. இது பழகாது. போன தடவ மாத்திக் குடுத்தீங்கல்லா, அதே மாதிரி ஒண்ணு மாத்திக் குடுங்க. அவரு தலைகுனிஞ்சு நிக்கிறத என்னால பாக்க முடியாது."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் கூண்டுக் கதவைத் திறந்து கையை உள்ளே வைத்தார். முதலாளி வீட்டு எலி மெல்ல வந்து அந்தக் கையில் ஏறி உட்கார்ந்து, கன்னத்திலிருந்த கடலையை எடுத்துத் தின்ன ஆரம்பித்தது.

ஜெயபாரதி கடிபட்ட தன் விரலைப் பார்த்தாள்.

"போன தபாவும் இப்டித்தான் ஏறி உக்காந்துச்சி" என்றார் குலாம் ரசூல் பாய். "என்னாண்ட வேற எலியே இல்லம்மா, நீ சொல்லவுட்டாதானே, அன்னிக்கி நீ கொணாந்த எலியத்தான் உனக்கே திருப்பிக் குட்த்தேன்."