பிரீமியருக்கு எந்த வகுப்புத் தார்?

தூத்துக்குடியில் ஒரு தெருவுக்கு ரோடு போட மூன்று பொருள் வேண்டும்: ஜல்லி, தார், ஒரு பெரிய மனிதர். முதல் இரண்டும் கிடங்கில் எப்போதும் உண்டு. மூன்றாவது வந்தால்தான் அவை கிடங்கை விட்டு வெளியே வரும். இது எழுதப்படாத சட்டம். எழுதப்படாததால்தான் ஒழுங்காக நடந்து வருகிறது.

சிப்பிக்கிடங்குத் தெருவுக்கு இதுவரை எந்தப் பெரிய மனிதரும் வந்ததில்லை. எனவே அங்கே ரோடும் இல்லை. முன்னொரு காலத்தில் இருந்ததன் மிச்சத்தைப் போன வருஷத்து மழை கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. மனு கொடுத்தார்கள், போராட்டம் என்று பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வந்து தெருமுனையில் நின்று பார்த்தார்கள். உள்ளே வரவில்லை. ரோடு சரியில்லையாம்.

இதில் அதிகம் அவதிப்பட்டவள் ஜெபசுதா டீச்சர். நாசரேத்தில் பிறந்தவள், தூத்துக்குடிப் பள்ளியொன்றில் வரலாறு நடத்துகிறவள். அவள் கணவர் தேவபிரசாதத்துக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்வு பெற்றுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டும். ஆட்டோ தெருமுனைவரைதான் வரும். அதற்குமேல் வந்தால் அச்சு முறியும் என்று ஆட்டோக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஆகவே தேவபிரசாதம் மனைவியின் தோளில் கைவைத்து, பள்ளத்துக்குப் பள்ளம் நின்று நின்று நடப்பார். ஊசி குத்திய கையோடு திரும்பி வரும்போது போன வாரம் விழுந்துவிட்டார். தூக்கி நிறுத்தியபோது அவருக்கு வலித்ததைவிட அவளுக்கு அவமானமாக இருந்தது. "ஒரு தெருவுக்கு ரோடு போட வக்கில்லாத ஊரு!" என்று கத்தினாள். யாரும் மறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலத்திலிருந்து பிரீமியர் வருகிறார் என்று செய்தி வந்தது. மாநிலத்தின் பெயர் வேண்டாம். நம் கதையில் மாட்டிக்கொண்டதற்கு அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். அங்கேயும் முத்துக்குளிக்கும் கரை உண்டு. துறைமுகத்தைப் பார்க்க வருகிறவர், சிப்பிக்கிடங்குத் தெருவின் கோடியில் முத்து வியாபாரி ஒருவர் வைத்திருக்கும் பழைய முத்துக்குளிப்புச் சாமான்களையும் பார்க்க ஆசைப்பட்டாராம்.

இப்படிப்பட்ட ஆசைகளைக் கவனிக்க ஓர் அலுவலகம் இருக்கிறது. 'வெளிநாட்டு உயர்விருந்தினர் வழித்தடச் செம்மைப்படுத்தும் பிரிவு' என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடுவதால் அங்கே வேறு வேலை அதிகம் நடப்பதில்லை. அதன் அதிகாரி அற்புதமணியின் மகள் ஜெபசுதாவிடம் படிக்கிறாள். ஆகவே, 'ஆஸ்திரேலிய விவகார வல்லுநர்' என்ற முறையில் டீச்சருக்கு அழைப்பு வந்தது.

அற்புதமணி எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தில் பொறியாளர் செந்தில்வேல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரே ஒரு சந்தேகந்தான். பிரீமியர்னா எவ்வளவு பெரிய ஆளு?"

"எதுக்கு சார் கேக்கீய?"

"ரோட்டுக்குத்தான். வாரவுக அந்தஸ்தப் பொறுத்துதான ரோடு? பிரதமர்னா முதல் வகுப்பு, ரெண்டடுக்குத் தார், வெள்ளைக்கோடு. முதலமைச்சர்னா ரெண்டாம் வகுப்பு, ஓரடுக்கு. மந்திரின்னா பள்ளத்துக்கு மட்டும் ஒட்டு. மத்தவுகளுக்குப் பிளீச்சிங் பவுடர்."

தேவபிரசாதத்தின் நடை தன் வாயில் இருக்கிறது என்று ஜெபசுதாவுக்குப் புரிந்தது.

"முதலமைச்சர் மாதிரி சார். நாட்டுக்குப் பிரதமர் தனியா இருக்காரு. இவரு மாநில அரசாங்கத்துக்குத் தலைவர்."

"ரெண்டாம் வகுப்பு" என்றார் அற்புதமணி. செந்தில்வேல் எழுதினார்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வருஷக்கணக்காக வரலாறு நடத்திய வாய் பாதியில் நிற்குமா? "அந்த மாநிலம் இந்தியாவுல முக்கால்வாசி பரப்பு சார்" என்றாள்.

"முக்கால் இந்தியாவா!" அற்புதமணி நிமிர்ந்தார். "அப்ப முக்கால் பிரதமர்."

"முக்கால் பிரதமருக்கு வெள்ளைக்கோடு உண்டா சார்?" என்று கேட்டார் செந்தில்வேல்.

"ஒரு பக்கம் போடும். ஜனம் எவ்வளவு டீச்சர்?"

"நம்ம தூத்துக்குடி, திருநெல்வேலி ரெண்டு ஜில்லாவையும் சேத்தா அவ்வளவுதான் வரும்."

"சே! ரெண்டு கலெக்டர்." கோடு அழிக்கப்பட்டது. "சரி, அவர யாரு நியமிக்கிறது?"

"கவர்னர். சபையில யாருக்குப் பெரும்பான்மையோ அவரத்தான் கூப்பிடணும்."

"கவர்னர் கூப்பிடாம கொஞ்ச நாள் யோசிச்சா?"

"யோசிக்க மாட்டாரு சார். பிரீமியர் அனுப்புறதுல கையெழுத்தும் போட்டுருவாரு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பின்ன கவர்னருக்கு அங்கன என்ன வேலை?" என்றார் செந்தில்வேல். அற்புதமணி அவரை அடக்கினார். "அரசியல் வேண்டாம்வே. இந்தப் பதவி எந்த அரசாணைப்படி வந்தது, டீச்சர்?"

"1890ல சுயாட்சி வந்தப்ப வந்தது சார். பதவிக்குன்னு சட்டத்துல பெருசா ஒண்ணும் எழுதல. பழக்கத்துலயே ஓடிருக்கு. முதல் பிரீமியர் ஒரு சர்வேயர். பாலைவனத்துல நடந்தே நெலம் அளந்தவரு."

"சர்வேயரா?" அற்புதமணி நாற்காலியில் சாய்ந்தார். "நம்ம சர்வேயர் பக்கத்து வயலுக்கே கார் கேப்பான். நடந்தே அளந்தவரு என்ன பெரிய ஆளு?"

"பத்து வருஷம் அவருதான் சார். அதுக்குப் பிறகு ஒரே வருஷத்துல அடுத்தடுத்து ஆள் மாறிட்டாங்க. ஒருத்தர் ஒரு மாசந்தான் இருந்தாரு."

செந்தில்வேல் பேனாவைக் கீழே வைத்தார். "டெண்டர் விடவே அதுக்கு மேல ஆகும் டீச்சர்! எறக்கிவிடுறது யாரு? ஜனமா?"

"ஜனமும் தேர்தல்ல எறக்கலாம், சபையும் எறக்கலாம். சில சமயம் சொந்தக் கட்சிக்காரங்களே ஒரு ரூமுக்குள்ள கூடி ஓட்டுப் போட்டு மாத்திருவாங்க."

"பஸ்ஸு எரியாதா?"

"எரியாது."

"ஒருத்தரும் மொட்ட போட மாட்டாகளா? மண்சோறு?"

"இல்ல சார். மறுநாள் அவரு பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருவாரு."

அறை துக்கவீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அற்புதமணி கனத்த குரலில் சொல்லச் சொல்ல, செந்தில்வேல் எழுதினார்: 'மேற்படி பிரீமியர் என்பவர் அரசாணை ஏதுமின்றி வழக்கத்தின்பேரில் பணியாற்றுபவர் என்பதாலும், எந்நேரமும் பணிநீக்கம் செய்யத்தக்கவர் என்பதாலும், அன்னாரைத் தற்காலிகப் பணியாளராகக் கருதி, பிளீச்சிங் பவுடர் தூவ ஆவன செய்யலாம்.'

வீட்டில் தேவபிரசாதம் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்தால் அவருக்கு இரைக்கும். "ஏளா, ரெண்டாம் வகுப்புன்னு சொன்னதும் கும்பிட்டுட்டு வந்திருக்கப்பிடாதா? உன் வரலாறு என் கால ஒடச்சிரும் போலிருக்கே!"

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து வரும்போது இரண்டாம் பள்ளத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. பால்காரர் வந்து ஒரு கை கொடுக்க வேண்டியிருந்தது. அன்று மதியம் ஜெபசுதா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தவறான வரலாறு சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டாள்.

"சார், நேத்துச் சொன்னது பழைய புத்தகம். விசாரிச்சிட்டேன்" என்றாள். "அவரு பெரிய எடம். அவுக அப்பா பிரீமியர், தாத்தா பிரீமியர்."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் அற்புதமணி.

"அவரு கார் போனா ஊர்ல எல்லாத்தையும் நிப்பாட்டிருவாங்க. ஆம்புலன்ஸ் உட்பட."

"பாத்தியாவே?" என்றார் செந்தில்வேலிடம். செந்தில்வேல் வேகமாக எழுதினார்.

"மந்திரிமாரெல்லாம் அவரு கால்ல விழுந்துதான் ஃபைல் நீட்டணும். சபையில அவரு பேரச் சொன்னா மேசையத் தட்டணும். வாசல்ல வரவேற்பு வளைவு இல்லன்னா காரவிட்டு எறங்கவே மாட்டாரு."

"அந்தச் சர்வேயர்?"

"எதிர்க்கட்சி கட்டிவிட்ட கதை சார்."

அற்புதமணியின் கண் கலங்கிவிட்டது. "இத முதல்லயே சொல்லியிருந்தா எங்களுக்கு வெளங்கியிருக்குமே டீச்சர்! என்னமோ வேற நாட்டு ஆளப் பத்திச் சொல்லுத மாதிரில்ல சொன்னீய?"

முதல் வகுப்பு. இரண்டடுக்கு. இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு.

டெண்டர் எப்போது விட்டார்கள், யார் எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவசரம் என்றால் அரசாங்கமும் ஓடும் என்பது தெரிந்தது. ரோலர் வந்தது, தார் வந்தது, பிள்ளையைத் தடவுவது மாதிரி தடவித் தடவி ரோடு போட்டார்கள். ஜெபசுதா வாசலில் நின்று அழுதேவிட்டாள். ஆனால் ரோட்டின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்து ஒரு பலகை தொங்கவிட்டிருந்தார்கள்: 'உயர்விருந்தினர் வருகைக்குப் பின்னரே பொதுமக்கள் பயன்பாட்டுக்கு.' போகட்டும், இரண்டு நாள்தானே என்று தேவபிரசாதம் ஓரமாக நடந்தார்.

அடுத்த நாள் காலை டக் டக்கென்று சத்தம். எட்டிப் பார்த்தால், தெரு நலச் சங்கத் தலைவர் ஜெபசிங் அண்ணாச்சி ஆட்களை வைத்துப் புது ரோட்டைக் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார். இரும்புச் சாமான் கடைக்காரர். ஊரில் கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, அவர் முகம் இல்லாத ஃபிளக்ஸ் கிடையாது.

"அண்ணாச்சி, என்ன செய்தீய! நேத்துப் போட்ட ரோடு!"

"நீங்கதான டீச்சர் வளைவு இல்லன்னா எறங்க மாட்டாருன்னு சொன்னீய? தாசில் ஆபீஸ் வரைக்கும் அதான் பேச்சு. வளைவு அந்தரத்துல நிக்குமா? பத்து வளைவு போடுதோம். வடக்குத் தெருக்காரன் வயித்தெரிச்சல்ல சாவணும்."

"ரோடு போயிருமே..."

"வந்துட்டுப் போற அன்னைக்கி நல்லா இருந்தாப் போதும்லா?" என்றார் அண்ணாச்சி. "உங்க படமும் இருக்கு, வந்து பாருங்க."

அவள் சண்டை போடத்தான் போனாள். முதல் வளைவில் பிரீமியர் தபால்தலை அளவுக்கு இருந்தார். அவரைச் சுற்றித் தெருக்காரர்கள் எல்லாரும் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜெபசுதா. 'ஆஸ்திரேலிய அரசியலின் அகராதியே!' என்று கீழே போட்டிருந்தது. அவள் சற்று நேரம் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டை போடவில்லை.

வளைவு பத்தும் எழுந்தன. வளைவுக்கு நான்கு கால், காலுக்கு ஒரு குழி. மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அப்போது அற்புதமணி வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். குழிகளுக்கு நடுவே அவருடைய ஜீப் நுழையவில்லை.

"டீச்சர்! நேத்துச் சாயங்காலம் அவுக கட்சிக்காரங்க ஒரு ரூமுல கூடி, கையத் தூக்கி, ஆள மாத்திட்டாகளாம்! அவரு புது ஆளுக்குக் கைகொடுத்துட்டு, பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாராம்! பயணம் ரத்து!" மூச்சு வாங்கினார். "அப்ப அந்தச் சர்வேயரும் நெசந்தானா?"

"நெசந்தான் சார்."

அவர் போகும்போது தடுப்பை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். வளைவுகளைச் சாயங்காலமே பிரித்தார்கள். குழிகள் இருந்த இடத்தில் இருந்தன.

மறுநாள் டயாலிசிஸ். ஆட்டோ வழக்கம்போலத் தெருமுனையில் நின்றது. ஆட்டோக்காரன் இறங்கி வந்து முதல் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னன்னா அச்சு மட்டுந்தான் முறியும் டீச்சர். இதுல விழுந்தா சக்கரம் வெளிய வராது" என்றான். தேவபிரசாதம் மனைவியின் தோளில் கையை வைத்தார். இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள்.

பாதி வழியில் ஜெபசிங் அண்ணாச்சியும் தெருக்காரர்களும் எதிரே வந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், புதுப் பிரீமியர் வாராராம்! மூணு மாசத்துக்குள்ள வந்துருவாராம்."

"அதுவரைக்கும் இந்தக் குழியயாவது மூடுங்க அண்ணாச்சி."

"மூடவா?" அண்ணாச்சி பதறிப்போனார். "மூடிட்டா ரோடு நல்லாத்தான் இருக்குன்னு எழுதிருவானுகளே! பொறவு யாரு புது ரோடு போடுவா? அதான், ஒருத்தரும் மண்ணள்ளிப் போட்டுறப்பிடாதுன்னு ராத்திரி காவலுக்கு ஆள் வச்சிருக்கோம். ஃபிளக்ஸும் அப்படியே இருக்கு. அந்தத் தபால்தலைய மட்டும் மாத்தினாப் போதும். நீங்க ஆபீஸுக்குப் போயி, புது ஆளு இவரவிடப் பெரிய ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

எல்லாரும் ஜெபசுதாவின் வாயைப் பார்த்தார்கள். தேவபிரசாதமும் பார்த்தார். அவருக்கு இரைத்தது.

"சொல்லுதேன்" என்றாள் அவள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, இந்தத் தடவ என் படத்தக் கண்ணாடி இல்லாம போடுங்க. வயசான மாதிரி இருக்கு."

தேவபிரசாதம் அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.