தாய்மாமன் நாற்காலியும் ஓர் ஆவணப்படமும்

தைனான்,
டிசம்பர் 2, 2019

என் மகள் பெய்-யூவின் தாய்மாமனும் என் மைத்துனருமான தியென்லாய் அவர்களுக்கு, கோ யுவான்-ஷெங் பணிவுடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கே தங்கள் இடுப்பும் தங்கள் குளத்துப் பால்மீன்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இனி 'நீ' என்றே எழுதுகிறேன். நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு கடிதத்துக்காக மாற்ற என்னால் ஆகாது.

இருபத்திரண்டாம் தேதி பெய்-யூவுக்கும் வான்சிங்குக்கும் கல்யாண விருந்து. அழைப்பு வந்ததா என்று நான் போனில் கேட்டதற்கு, "குளத்துல வேலை இருக்கு அத்தான், வர்றதுக்கில்ல" என்று வைத்துவிட்டாய். குளத்தை வற்றவிட்டுக் காயப்போடுகிற மாதத்தில் குளத்தில் என்ன வேலை? முப்பத்தொரு வருடம் அறிவியல் நடத்தியவனிடம் இந்தக் கதை செல்லாது. காரணம் எனக்குப் புரிகிறது. இரண்டு பக்கமும் பெண்ணாக இருப்பது உனக்கு ஒப்பவில்லை. நான் சண்டைக்கு வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பதிவு அலுவலகத்தில் இவர்கள் இருவரையும் திருப்பி அனுப்பிய வருடம் வழக்கு தொடங்கியது. வழக்கோடு ஆவணப்படமும் தொடங்கியது. வழக்கறிஞர்களாவது மாலையானால் வீட்டுக்குப் போவார்கள். இயக்குநர் பாங் என்கிற அந்தப் பெண் போகமாட்டாள். என் சமையலறையில் விளக்குக் கம்பம் நட்டு, அரிசிப் பானையை நகர்த்தி, "கோ சார், பொண்ணு விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு எப்படி இடிஞ்சு போனீங்கன்னு சொல்லுங்க" என்றாள்.

"இடிஞ்சு போகலையேம்மா. கொய்யா நறுக்கிட்டிருந்தேன். 'அப்பா, வாழ்ந்தா வான்சிங்கோடதான்'னா. 'சரி, அந்த உப்பை எடு'ன்னேன்."

"அழுதீங்களா?"

"கொய்யாவுக்கா?"

அவள் முகம் வாடிவிட்டது. போராட்டம் இல்லாத அப்பனை வைத்துக்கொண்டு படம் எப்படி எடுப்பாள், பாவம். பிறகு நீதிமன்றப் படிகளில் என்னை ஏறச் சொன்னார்கள். ஒளி சரியில்லை என்று இறங்கி மறுபடி ஏறச் சொன்னார்கள். முழங்காலை அங்கேதான் தொலைத்தேன். மே மாதம் இவர்கள் கல்யாணத்தை ஏற்கும் சட்டம் நிறைவேறிய அன்று கொட்டும் மழையில், மழைக்கோட்டுக்குள் நான் குழந்தை மாதிரி குதித்தேன் தியென்லாய், இந்த வயதில். அது படத்தில் இல்லை. ஒலிப்பதிவுக்காரன் குடை மறைத்துவிட்டதாம்.

இப்போது உன் நாற்காலிக்கு வருகிறேன். தாய்மாமன் முதல் மேசையில் உட்காராமல் எந்த விருந்திலும் முதல் தட்டு வராது என்பது உனக்குத் தெரியும். வான்சிங்கின் மாமா இரண்டு மாதமாகக் கோட்டைத் தேய்த்து வைத்திருக்கிறார். பெய்-யூ சொல்கிறாள், "மாமா உக்காரலைன்னா நான் உள்ளயே வரமாட்டேன்ப்பா. அம்மா போனப்போ என்னைத் தூக்கிட்டு நின்னவரு அவருதான்." நீ வராவிட்டால் பெண் வெளியே, சாப்பாடு உள்ளே, நடுவில் நான். இதை இயக்குநரிடம் புலம்பினேன். அவள் கண் மின்னியது. "காலி நாற்காலியா? சார், அதைவிட நல்ல முடிவே கிடைக்காது! ரொம்ப ஆழமா இருக்கும்." என் வீட்டு விருந்து கெட்டாலும் அவள் படம் பிழைத்துக்கொள்ளும்.

வேறு வழி தெரியாமல் உன் அக்காவிடமே கேட்டேன். வான்சிங் பக்கத்தில் நிற்க, ஊதுபத்தி ஏற்றி, பூஜை மேடையில் இருக்கும் அவள் பெயர்ப்பலகை முன் மண்டியிட்டு, "ஸியூ-லுவான், இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதந்தானே?" என்று குறி கேட்கும் பிறைக்கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டேன். ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. தெளிவான சம்மதம்! திரும்பிப் பார்க்கிறேன், கேமராக்காரன் பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறான்.

"சார், இன்னொரு தடவை?" என்றாள் இயக்குநர்.

"செத்தவகிட்ட இன்னொரு தடவை கேக்கக் கூடாதும்மா."

"உங்க மைத்துனர் நம்பணும்ல? பாத்தது வான்சிங் மட்டும்தான். தன் வழக்குக்குத் தானே சாட்சி சொன்னா செல்லுமா?"

போட்டேன். இரண்டும் நிமிர்ந்தன; பதில் சொல்லாமல் சிரிக்கிறாள். மறுபடி போட்டேன், சிரிக்கிறாள். அடுத்து இரண்டும் கவிழ்ந்தன, மாட்டாளாம். கேமரா இதை மட்டும் மிகத் தெளிவாகப் பிடித்தது. ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் சரியான விடை சொன்ன பிள்ளையிடம், "நிச்சயமா?" என்று கேட்டுப் பார். உடனே விடையை மாற்றிவிடும். உன் அக்காவும் உயிரோடு இருந்தபோது அப்படித்தான்; ஒன்றையே இரண்டாம் தடவை கேட்டால் வேண்டுமென்றே 'மாட்டேன்' என்பாள். ஆகவே நாளை படத்தில் அந்த 'மாட்டேன்' வந்தால் நம்பாதே. முதலில் விழுந்தது சம்மதம்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது தியென்லாய். நாட்டின் சட்டமே மாறிவிட்டது. உன்னை மாற்ற எனக்குத் தெம்பு இல்லை. வரமாட்டாய் என்றால் வரவேண்டாம். நாற்காலியை மட்டும் போட்டு வைப்பேன். வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன் குளங்களில் நோயில்லாமல் மீன் செழிக்கட்டும்.

உன் அத்தான்,
கோ யுவான்-ஷெங்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது இயக்குநர் பாங்கிடமிருந்து போன். 'எதிர்க்கும் உறவினர்' ஒருவர் வேண்டுமென்று நேற்று உன் வீட்டுக்கே வந்தாளாமே! நீ அவளுக்கு மீன் கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கேமராவைப் பார்த்துச் சொன்னதை அப்படியே போனில் போட்டுக் கேட்க வைத்தாள்: "எதிர்ப்பா? எனக்கா? ரெண்டும் தங்கமான புள்ளைங்க. ஆனா தாய்மாமனுக்குத் தபால்ல அழைப்பு அனுப்பின வாத்தியாரை நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா? முறைப்படி கல்யாணத்துப் பெரிய கேக்கை எடுத்துக்கிட்டு என் வாசலுக்கு அவரு வரணும். வராம, காகிதத்தைப் பாத்துட்டுப் போய் உக்கார நான் என்ன வாடகை மாமனா?"

அடப்பாவி, இதை என்னிடம் போனில் சொல்லியிருக்கக் கூடாதா! தபால் பெட்டி முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கையில் இருந்த அழைப்பையெல்லாம் உள்ளே போட்டேன், உன்னுடையதையும் சேர்த்து. இப்போது இந்தக் கடிதத்தையும் தபாலில்தான் அனுப்ப இருந்தேன். அனுப்பவில்லை. நாளைக் காலை முதல் பேருந்தில் கேக்கோடு இதையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். கேமரா வராது. கதவைத் திறந்ததும் திட்டத் தொடங்கு. வாசலிலேயே நின்று கேட்டுக்கொள்கிறேன். முடித்த பிறகு உள்ளே கூப்பிடு.