டார்ச் கடையில் பருத்திப்பால்

தான் விற்றதைக் குடித்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று நின்று பார்த்த வியாபாரி, விருதுநகர் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையில், பட்டாசு ஆலை பஸ் நிறுத்தத்தில், தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றார். பெயர் யாருக்கும் தெரியாது. டார்ச் என்றால் தெரியும்.

குடித்து முடித்ததும் டம்ளரை வாங்க மாட்டார். இடுப்பிலிருந்து டார்ச்சை உருவி, "வாயைத் திறங்க" என்பார். தொண்டை, நாக்கு, உதடு, காது மடல், கழுத்து எல்லாம் பார்த்த பிறகு, "அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம், இங்கனயே இருங்க." அவரிடம் குடித்தவர் ஒரு பஸ்ஸை விட்டே ஆக வேண்டும்.

பொழுது சாயும்போதுதான் கூட்டம். அலுமினியப் பவுடரில் வேலை பார்த்தவர்கள் தலைமுதல் கால்வரை வெள்ளியாக வந்து நிற்பார்கள். வண்டியோரத் தண்ணீர் டிரம்மில் முகத்தை மட்டும் கழுவச் சொல்வார். பவுடருக்கு அடியில் தடிப்புத் தெரியாதாம். ஆக, உடம்பு இருட்டில் மினுங்க, வெறும் முகங்கள் வாயைத் திறந்தபடி வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் ஒவ்வொன்றாக நகரும். இதைப் பார்த்த வெளியூர் லாரி டிரைவர் ஒருவர் ரிவர்ஸிலேயே சிவகாசி வரை போனதாகச் சொல்வார்கள். நான் காலண்டர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். சரிபார்க்காத எதையும் எழுதுவதில்லை. இதை மட்டும் சரிபார்க்க மனம் வரவில்லை.

ஒரு தொண்டையை அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பார்த்துவிட்டால், அந்த ஆள் மறுநாள் அய்யனார் கோயிலில் நிற்பார்.

ஒருநாள் காரணம் கேட்டேன். மரபணு மாற்றிய பருத்தி வந்ததிலிருந்துதான் இந்தப் பயம் என்றார். "புழு கடிச்சா புழு சாகுதுன்னு விதைக் கடைக்காரரே பெருமையாச் சொன்னாரு அண்ணாச்சி. அந்தக் கொட்டையை ஆட்டித்தானே நம்ம குடிக்கிறோம்?"

படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அந்தப் புரதம் புழுவின் குடலில் வேலை செய்யும், மனிதக் குடலில் செய்யாது. ஒவ்வாமை வருமா என்று சோதித்த பிறகே விதையை விட்டார்கள். பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க. வாயைத் திறங்க."

இவ்வளவு பயந்தவர் அதையே ஏன் விற்க வேண்டும்?

"நான் விக்கலைன்னா, பாக்காம விக்கிறவன்ட்டப் போயிக் குடிப்பாக."

கொரோனாவுக்கு முந்தின புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை. தீபாவளி சீசன். தண்ணீர் லாரி வராததால் டிரம் காய்ந்து கிடந்தது. பவுடர் அறையில் வேலை பார்க்கும் செல்வி வெள்ளி முகத்தோடு வந்து பருத்திப்பால் கேட்டாள். முகம் தெரியாமல் தர மாட்டேன் என்று டார்ச் மறுத்தார்.

"ஏன்யா, பாலுக்குப் பொண்ணு பாக்கியா? பசிக்குது, குடு."

கொடுத்துவிட்டு டார்ச்சை அடித்தார். வெள்ளி முகம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது, ஒன்றும் தெரியவில்லை. அவர் கையை இறக்கவில்லை. சற்று நேரத்தில் அவள் உதட்டோரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பிறகு கண்ணைச் சுற்றி. வெயிலில் காய்ந்த கண்மாய் போல அந்த வெள்ளி முகம் வெடிக்கத் தொடங்கியது. உள்ளே முகம் வீங்கிக்கொண்டிருந்தது. செல்வி எதுவோ சொல்ல வாயெடுத்தாள். விசில் போலக் காற்றுதான் வந்தது.

ஊரையே பஸ்ஸைத் தவறவிட வைத்தவர் அன்று பஸ்ஸுக்குக் குறுக்கே போய் நின்றார். செல்வியை ஏற்றிக்கொண்டு அது எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. ஊசி போட்டதும் மூச்சு திரும்பியது.

சீசனுக்காக அன்றுதான் அவர் பாலில் முந்திரியை வறுத்துப் போட்டிருந்தார். விசாரித்த டாக்டர், காரணம் முந்திரி என்றார். பொங்கல் பாயசத்திலும் செல்விக்கு உதடு தடித்திருக்கிறது. இந்த ஊர்க்காரி ஆயிற்றே, பட்டாசுப் பவுடரின் வேலை என்று விட்டுவிட்டாள்.

இனியாவது அவர் பயம் தெளியும் என்று நான்தான் போய்ச் சொன்னேன். பருத்திக்கொட்டைமேல் குற்றமில்லை, முந்திரி.

"முந்திரி விதையையும் மாத்திட்டாகளா?"

"இல்லை. அந்தக் காலத்து முந்திரிதான்."

மிச்ச முந்திரியை எடுத்து அதன்மேல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "அப்ப பழைய சாமானும் கொல்லுமா?"

மறுநாளிலிருந்து பக்கத்து வடைக் கடையிலும் எதிர்ப் பரோட்டாக் கடையிலும் சாப்பிட்டவர்கள் வாய்க்குள் வெளிச்சம் விழ ஆரம்பித்தது. பரோட்டாக் கடைக்காரர் அடிக்கப் பாய்ந்தார். தடுத்தது செல்வி.

பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள், வண்டி போயிற்று. மல்லாங்கிணறு பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அந்தப் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் பாயசம் பரிமாறியதும் ஒரு வெளிச்சம் நகர்வதாகவும் கேள்வி.

போன வாரம் சூலக்கரையில் ஒரு வண்டியில் பருத்திப்பால் குடித்தேன். விற்ற இளைஞர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்தபடி டம்ளரை வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.